பெங்களூர்ல ஓவல் செயின்ரிங் டெஸ்ட்டுக்கு சைக்கிள் ஓட்டுறவங்க கெடைக்கல, உதவுங்க

லேப்_மதுரைக்காரி:
வணக்கம்ங்க, இங்க பெங்களூர்ல பிஎச்டி பண்றேன். நாங்க புதுசா செஞ்ச ஓவல் செயின்ரிங்க (பெடல் பக்கத்துல செயின் ஓடுற பல்சக்கரம்) சாதா ரவுண்ட் ரிங்கோட ஒப்பிடணும், ஒரே ஆள் ரெண்டையும் ஓட்டணும், எது முதல்லங்கறது குலுக்கல்ல வரும். நாலு தடவ லேபுக்கு வரணும், மாஸ்க் மாட்டி ஆக்ஸிஜன் அளப்போம், விரல் நுனியில சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (தசை கடுமையா வேல செஞ்சா ரத்தத்துல ஏறுற பொருள்) பாப்போம். 24 பேர் வேணும். கப்பன் பார்க்ல நோட்டீஸ் குடுத்தேன், நந்தி மலை அடிவாரத்துல விடிகாலைல நின்னு பேசினேன், எல்லாரும் நம்பர் குடுத்தாங்க ஆனா வந்தது 9 பேர், அதுல 3 பேர் ஒரு தடவயோட நின்னுட்டாங்க. 2012 டூர் டி பிரான்ஸ் ரேஸ பிரிட்டிஷ் வீரர் விக்கின்ஸ் ஓவல் ரிங்லதான் ஜெயிச்சாருன்னு கூட நோட்டீஸ்ல போட்டேன். எங்க தப்பு பண்றேன்?

ஒயிட்ஃபீல்ட்_ரைடர்:
அந்த நோட்டீஸ வாங்கினவன்தாங்க நான். வாரநாள்ல காலைல 9லேந்து 1ன்னு போட்டிருந்தீங்க, ரிங் ரோடு ட்ராஃபிக்ல வந்துட்டு ஆபீஸ் எப்படிங்க போறது. அத விட பெரிய விஷயம் ஷூ. லேப்ல ஷிமானோவோட எஸ்பிடி எஸ்எல் பெடல் மட்டும்தான்னு சொன்னீங்க, என்னோடது லுக் கம்பெனி பெடல், ஒண்ணோட க்ளீட் (ஷூ அடில பெடல்ல மாட்டுற கட்டை) இன்னொண்ணுல மாட்டாது. ஒரு தடவ க்ளீட்ட கொஞ்சம் தள்ளி மாட்டி முட்டி வலி வந்து ரெண்டு மாசம் சைக்கிள தொடல, அந்த பயத்துலதான் வரல. நின்னு போன மூணு பேரையும் இதயே கேட்டுப் பாருங்க.

ஸ்பேனர்_15:
தங்கச்சி, இதுக்கு செலவே இல்ல. ரோடு சைக்கிள், எம்டிபி (மலை சைக்கிள்) எல்லாத்துலயும் பெடல் மரை 9/16 இஞ்ச்தான், அவங்கவங்க பெடலயும் ஷூவயும் கொண்டு வரச் சொல்லி லேப் சைக்கிள்ல மாட்டிக்கோ. எடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், அத மறந்து முறுக்கினா க்ராங்க் (பெடல் மாட்டுற கை) போச்சு. அவங்க சொந்த சைக்கிள்ல பிபி (க்ராங்க் சுத்துற அச்சு) நடுவுலேந்து சீட் மேல்மட்டம் வரைக்கும் டேப் வச்சு அளந்து அதே உயரம் வை. க்ராங்க் நீளமும் பாரு, அவங்களோடது 172.5 மிமீ, உன்னோடது 170னா சீட்ட 2.5 மிமீ ஏத்தணும்.

ஜேபிநகர்_ராண்டோ:
இவ்ளோ எதுக்குங்க, அவங்க சைக்கிளயே ட்ரெய்னர்ல (நின்ன எடத்துலயே ஓட்டுற ஸ்டாண்ட்) மாட்டி, மிதிக்கிற பவர வாட்ஸ்ல காட்டுற அவங்க பவர் மீட்டர்லயே அளந்துட்டா ஈஸியா முடிஞ்சிரும்ல?

பழைய_பயோபேஸ்:
அது மட்டும் வேண்டாம். நெறைய க்ராங்க் பவர் மீட்டர் ஒரு சுத்து முழுக்க கால் ஒரே வேகத்துல சுத்துதுன்னு வச்சுதான் கணக்கு போடும். ஓவல்ல வேகம் ஏறி எறங்கும், அதனால நெசமா லாபமே இல்லாட்டியும் வாட்ஸ் கூட காட்டும். லேப் மீட்டர் எப்படி கணக்கு பண்ணுதுன்னும் ஒரு தடவ செக் பண்ணிருங்க. அப்புறம் அந்த விக்கின்ஸ் வரிய எடுத்துருங்கம்மா. கண்ணால பாத்தாலே எது ஓவல்னு தெரிஞ்சிரும், ஜெயிச்ச கதயும் சேந்தா அதுலதான் நல்லா ஓடும்னு மனசு முன்னாடியே முடிவு பண்ணிடும். என் வயசுக்காரங்களுக்கு நேரெதிர் பயம், 1983ல ஷிமானோ கம்பெனி பயோபேஸ்ங்கற ஓவல் ரிங்க விட்டப்போ அத ஓட்டி முட்டி வலின்னு பொலம்பினவங்க நெறைய. கால் பலமா மிதிக்கிற எடத்துல அதுல சின்ன விட்டம் வந்துச்சு, இப்ப அதே எடத்துல பெரிய விட்டம் வருது. பேசும்போது இத வெளக்குங்க. பயணச் செலவ குடுங்க, ஆனா காசுக்காகவே வர்ற அளவுக்கு குடுக்காதீங்க. உங்க கைடோட ஸ்டூடண்ட்ஸ சேக்காதீங்க, அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. நேரம், நோட்டீஸ் எத மாத்தினாலும் எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொன்னப்புறம்தான்.

லேப்_மதுரைக்காரி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, சார், எல்லாருக்கும். நின்னவங்களுக்கு போன் பண்ணேன், ரெண்டு பேர் பெடல்னால, ஒருத்தர் டெஸ்ட்டுக்கு முன்னாடி காபி குடிக்கக் கூடாதுன்னதால (அத மாத்த முடியாது, கஃபீன் ரிசல்ட்ட கெடுத்துரும்). சனி ஞாயிறு நேரமும் சொந்த பெடலும் சேத்து கமிட்டிக்கு எழுதிட்டேன், விக்கின்ஸ தூக்கிட்டேன். ஒயிட்ஃபீல்ட் அண்ணா, அனுமதி வந்ததும் உங்க லுக் பெடலோட வருவீங்களா?

ஒயிட்ஃபீல்ட்_ரைடர்:
வரேங்க. ஞாயித்துக்கெழம போடுங்க, சனிக்கெழம நந்தி ஏறாம கால ரெஸ்ட்ல வச்சுக்கறேன்.