ஆய்வகக் கணினிகளுக்கும் ஆசிரியர் கணினிகளுக்கும் வெவ்வேறு என்எஃப்எஸ் அனுமதி: ஒரு கணினியில் மட்டும் எழுத முடியவில்லை

கேள்வி (ஆய்வகப் பொறுப்பாளர்):
எங்கள் கல்லூரியின் டெபியன் சர்வரில் உள்ள ‘பாடங்கள்’ என்ற அடைவை என்எஃப்எஸ் (சர்வரின் கோப்புகளை வலையமைப்பு வழியாக மற்றக் கணினிகளோடு பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்திருக்கிறோம். மாணவர் கணினிகள் 192.168.10.0/24 சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) உள்ளன; அவற்றுக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் கணினிகளை ‘ஆசான்’ என்ற நெட்குரூப்பில் (பெயரிட்ட கணினிக் குழுவில்) சேர்த்து எழுதும் அனுமதியும் வழங்கியுள்ளேன். ஆசிரியர் அறையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்குள் கரும்பலகைக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் ஆசிரியர் கணினியில் (192.168.10.5) கோப்பைச் சேமிக்க முயன்றால் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று பிழை வருகிறது. அது நெட்குரூப்பில் இருப்பதை கெட்டென்ட் கட்டளை காட்டுகிறது. பகிர்வு அனுமதிகளைக் குறிக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் வரியிலும் நெட்குரூப்பைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1 (சர்வர் நிர்வாகி):
வரியில் எதை முதலில் எழுதினீர்கள் என்பது இங்கே செல்லாது. ஒரு கணினி பலவகைக் குறிப்புகளில் பொருந்தினால், தனிக் கணினியாகக் குறித்தது முதலிலும், அடுத்து ஐபி சப்நெட்டும், பிறகு நட்சத்திரக் குறியிட்ட பெயர்களும், அவற்றுக்குப் பின்னரே நெட்குரூப்பும் கணக்கில் கொள்ளப்படும். எழுதிய வரிசை, ஒரே வகைக் குறிப்புகள் இரண்டு பொருந்தும்போது மட்டுமே பார்க்கப்படும். உங்கள் கணினி ஆய்வக சப்நெட்டுக்குள் இருப்பதால், நெட்குரூப் வரை போகாமலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

192.168.10.5 என்ற எண்ணைத் தனியாக ஆர்டபிள்யூ (படிக்க, எழுத) விருப்பத்தோடு அதே வரியில் சேருங்கள். பிறகு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை -ஆர்ஏ என்று கொடுத்து மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, -வி என்று கொடுத்துச் சரிபாருங்கள். எண்ணுக்கும் அதையடுத்த அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விழவே கூடாது. விழுந்தால் அந்தக் கணினிக்கு இயல்பான படிக்கும் அனுமதி மட்டும் கிடைக்க, எழுதும் அனுமதியோ சர்வரை எட்டக்கூடிய அத்தனை கணினிகளுக்கும் போய்விடும். சர்வர் எச்சரித்தாலும் ஏற்றுக்கொள்ளவே செய்யும் என்பதால், சேமிக்கும் முன் அந்த வரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

மறுமொழி 2 (வலையமைப்புப் பொறியாளர்):
மேலே சொன்னது சரியான தீர்வு. ஆயினும் இந்த அனுமதி கணினியின் முகவரிக்குத்தான், அதன் முன் அமர்ந்திருப்பவருக்கு அன்று என்பதை மறக்க வேண்டாம். ஆசிரியர் கணினி அணைந்திருக்கும் நேரத்தில், ரூட் (முழு நிர்வாக) உரிமை கிடைத்த மாணவர் ஒருவர் தம் கணினிக்கு அதே முகவரியை இட்டுக்கொண்டால் சர்வர் வேறுபாடு அறியாது. ரூட் ஸ்குவாஷ் என்ற விருப்பம் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; அது ரூட்டுக்குரிய 0 என்ற பயனர் எண்ணை மட்டுமே பெயரற்ற பயனராக மாற்றும். வழக்கமான சிஸ் என்னும் அடையாள முறையில் கிளையண்ட் (பகிர்வைப் பயன்படுத்தும் கணினி) அனுப்பும் பயனர் எண்ணை சர்வர் அப்படியே நம்புவதால், ஆசிரியரின் எண்ணைப் போட்டுக்கொள்வது எளிது. இயன்றால் அந்தக் கணினியை ஆசிரியர் விலேனுக்கு (தனியாகப் பிரித்த வலையமைப்புக்கு) மாற்றுங்கள்; ஆளையே சரிபார்க்க வேண்டுமென்றால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறைதான் வழி.

ஆய்வகப் பொறுப்பாளர்:
தனி எண்ணைச் சேர்த்ததும் எழுத முடிகிறது, நன்றி. விலேன் மாற்றத்தை விடுமுறையில் செய்கிறோம். இன்னொரு ஐயம்: அதே வட்டுப் பிரிவில் ‘வினாத்தாள்’ என்ற அடைவும் இருக்கிறது. அதைப் பகிரவே இல்லை என்பதால் ஆபத்து இல்லை அல்லவா?

மறுமொழி 2 (வலையமைப்புப் பொறியாளர்):
ஆபத்து உண்டு. கோப்புமுறைமையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும்போது, கிளையண்ட் கோப்பின் ஹேண்டிலை (சர்வர் அந்தக் கோப்பை அடையாளம் காணும் குறியை) ஊகித்து அனுப்பினால், அதே கோப்புமுறைமையில் பகிரப்படாத கோப்பையும் எட்டிவிட வாய்ப்பிருக்கிறது. சப்ட்ரீ செக் விருப்பம் இதைத் தடுப்பதற்கென்றே உள்ளது. ஆனால் திறந்திருக்கும் கோப்பின் பெயரை மாற்றினால் அது சிக்கல் தரும் என்பதால், இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வினாத்தாள்களைத் தனிப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள், அதற்கு விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.