முன்னொதுங்கல், பின்னொதுங்கல்: அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் குறித்து மீண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கார்ச் சொற்களுக்குத் தமிழ் அகராதி எழுதும் நம் குழுவில், வளைவில் காரின் மூக்கு வெளியே போவதைக் குறிக்கும் ‘அண்டர்ஸ்டியர்’, வால் வெளியே போவதைக் குறிக்கும் ‘ஓவர்ஸ்டியர்’ இரண்டுக்கும் ‘குறைதிருப்பம்’, ‘மிகைதிருப்பம்’ என்று போன மாதம் ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். அதை மறுபடி எடுக்க வேண்டுகிறேன். அன்றைக்குச் சரி என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். இந்த மூன்று வாரத்தில், ஓர் அரிசி ஆலைக் களத்தில் நின்று பார்த்த பிறகு, அந்த இரண்டு சொல்லும் தவறு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

எங்கள் கல்லூரி மாணவர்கள் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டுகிறார்கள். இரும்புக் குழாய்ச் சட்டகம், கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி இன்ஜின், பின் அச்சுக்குச் செயின். நான்கு சக்கரமும் உடலுக்கு வெளியே நிற்கும். நாம் ‘புறச்சக்கரக் கார்’ என்று பெயர் வைத்தோமே, அந்த வகை. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில், மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுக்காக நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக இந்த உழைப்பு. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன்தான் 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர். குறைந்த செலவில் ஒரு புறச்சக்கரக் காரில் உட்காரும் வழி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவரால் திறந்தது. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவரை நினைக்காமல் இந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டெல்டாவில் இப்படி ஒரு காரை ஓட்டிப் பார்க்க இடம் கிடைப்பது பெரும்பாடு. வயல் இல்லாத இடத்தில் வாய்க்கால், வாய்க்கால் இல்லாத இடத்தில் வீடு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் ஓர் அரிசி ஆலைக்காரர், நெல் காயப்போடும் சிமென்ட் களத்தை ஆடியிலிருந்து ஆவணி வரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டு வரைந்தோம். போட்டி விதிப்படி எட்டின் ஒவ்வொரு வட்டத்துக்கும் உள்விளிம்பின் விட்டம் 15.25 மீட்டர், வெளிவிளிம்பின் விட்டம் 21.25 மீட்டர், நடுவில் ஓடும் பாதை 3 மீட்டர். தவிட்டுத் தூசியைப் பெருக்கித் தள்ளவே தினமும் ஒரு மணி நேரம் போகும். மழைநீர் வடியக் களத்துக்கு நீர்வாட்டம் வைத்திருப்பதால் கிழக்கு வட்டத்தில் ஒரு மாதிரியும் மேற்கு வட்டத்தில் ஒரு மாதிரியும் வண்டி ஓடும். அதற்கும் பழகிக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓட்டினாள். வேகம் ஏற ஏற வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகப் போய், பாதையோரம் வைத்திருந்த கோனைத் தட்டியது. நான் பலகையில் ‘குறைதிருப்பம்’ என்று எழுதிக் காட்டினேன். அடுத்த சுற்றில் அவள் ஸ்டியரிங்கை இன்னும் வளைத்தாள். மூக்கு முன்னைவிட அகலமாகப் போனது. நிறுத்திக் கேட்டேன். “குறைவாத் திருப்புறேன்னுதானே சார் எழுதியிருக்கீங்க? அதான் கூடத் திருப்பினேன்” என்றாள்.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்தச் சொல்லை அப்படித்தான் படிப்பார்கள். குறைந்தது எது? திருப்பம். திருப்புவது யார்? ஓட்டுநர். ஆகவே ஓட்டுநர் குறைவாகத் திருப்புகிறார். ஆங்கிலச் சொல்லிலும் இதே கோளாறு இருக்கிறது. ஆனால் அங்கே எண்பது, தொண்ணூறு ஆண்டுப் புழக்கம் அதை மூடிவிட்டது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஓலி போன்ற பொறியாளர்கள் எழுதி எழுதிப் பழக்கிய சொற்கள் அவை. நாம் இன்றைக்குப் புதிதாகப் பெயர் வைக்கிறோம். அந்தக் கோளாறையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

நடப்பது என்ன என்று பார்ப்போம். சக்கரம் ஒரு திசையைப் பார்த்து நிற்கிறது. வண்டி வளைவில் போகும்போது அந்தச் சக்கரம் பார்த்த திசையிலேயே உருள்வதில்லை; கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளியே உருளும். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் முறுக்கிக்கொள்வதால் இப்படி ஆகிறது. பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையில் உள்ள கோணம்தான் ‘ஸ்லிப் ஆங்கிள்’. வளைவில் திரும்பும் எந்த வண்டிக்கும், நம் வீட்டு மாருதிக்கும்கூட, இந்தக் கோணம் உண்டு. அது இல்லாமல் டயர் பக்கவாட்டுப் பிடியே தராது. கோணம் கூடக் கூடப் பிடி கூடும். ஓர் எல்லை வரைதான். அதைத் தாண்டினால் பிடி இறங்கத் தொடங்கும். எங்கள் மாணவி கூடத் திருப்பியபோது முன் டயர்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அதனால்தான் மூக்கு மேலும் அகன்றது.

முன் டயர்களின் கோணம் பின் டயர்களின் கோணத்தைவிடக் கூடினால் அண்டர்ஸ்டியர். பின் டயர்களின் கோணம் கூடினால் ஓவர்ஸ்டியர். இந்த விளக்கத்தில் ஓட்டுநரின் கை எங்கும் வரவில்லை. வண்டியின் எந்த முனை தன் தடத்தை விட்டுக் கூடுதலாக அகலுகிறது என்பதுதான் செய்தி. சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று களத்தில் எங்களுக்குச் சட்டகம் பற்றவைத்துக் கொடுத்த வெல்டர் அண்ணன் நின்றிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “முன்னாடி ஒதுங்குதுங்க சார். அந்தப் பொண்ணு திருப்புறதுல ஒரு குறையும் இல்லை” என்றார். எனக்கு வேண்டிய சொல் அதுதான்.

என் முன்மொழிவு: ஸ்லிப் ஆங்கிளுக்கு ‘ஒதுங்கு கோணம்’. அண்டர்ஸ்டியருக்கு ‘முன்னொதுங்கல்’. ஓவர்ஸ்டியருக்குப் ‘பின்னொதுங்கல்’. இரண்டு முனையும் ஒரே அளவில் போனால் ‘சம ஒதுங்கல்’.

ஸ்லிப் ஆங்கிளுக்குப் போன மாதம் வந்த மற்ற இரண்டு பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘சறுக்கு கோணம்’ வேண்டாம். சறுக்கல் என்பது பிடி போன பிறகு நடப்பது. திருவாரூர் ஆழித்தேர் நான்கு வீதியின் முனைகளில் எப்படித் திரும்புகிறது? அதன் சக்கரங்கள் திரும்பக்கூடியவை அல்ல. அதனால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி, அத்தனை பாரத்தையும் பக்கவாட்டில் நகர்த்துகிறார்கள். அது சறுக்கல். பிடி இருக்கும்போதே நடப்பதற்கு அந்தப் பெயரை வைத்தால், உண்மையிலேயே வண்டி சறுக்கும்போது சொல்லச் சொல் இருக்காது. ‘விலகு கோணம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஒளி விலகலில் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பட்டகம் வைத்துப் படித்த பிள்ளைக்குக் குழப்பம் வரும்.

கருத்துச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, அன்புடன்.

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சொல்லைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி.

ஒன்று, ‘ஒதுங்கு’ என்பதில் மனம் வைத்து நகரும் குறிப்பு இருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறோம், பெரியவர் வந்தால் ஒதுங்கி நிற்கிறோம். கிராமத்தில் ‘ஒதுங்கப் போகிறேன்’ என்றால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சக்கரம் தானாக ஒதுங்குமா? இரண்டு, எல்லா வண்டியிலும் முன்பக்கமும் ஒதுங்கும், பின்பக்கமும் ஒதுங்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்த வண்டியைப் பார்த்தும் ‘முன்னொதுங்கல்’ எனலாமே? மூன்று, முன்பக்கம் ஒதுங்கினால் கோளாறும் முன்பக்கத்தில்தான் என்று இந்தப் பெயர் நினைக்கவைக்காதா?

புணர்ச்சியில் பிழை இல்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். முன்னொதுங்கல், பின்னொதுங்கல் சரி. ‘ஒதுங்கு கோணம்’ வினைத்தொகை, ஒற்று மிகாது.

*

நண்பர்களுக்கு, காரைக்காலிலிருந்து.

ஐயாவின் முதல் கேள்விக்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் படிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோணத்துக்கு வைத்திருக்கும் பெயரில் ‘தெரீவ்’ என்ற சொல் வருகிறது. அது கப்பல்காரர்களின் சொல். மூக்கு ஒரு பக்கம் பார்த்திருக்க, காற்றும் நீரோட்டமும் தள்ளிப் படகு பக்கவாட்டில் போவதுதான் தெரீவ்.

நம் கடற்கரையில் இதற்கு என்ன சொல்கிறோம்? ‘படகு கரை ஒதுங்கியது.’ நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்த வலை ஒதுங்கும், புயலில் அறுந்த கட்டுமரம் ஒதுங்கும், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தில் மரம் மரமாக ஒதுங்கும். எதிலும் மனம் இல்லை. வேறொரு விசை தள்ளுகிறது, பொருள் பக்கவாட்டில் போகிறது. வெள்ளத்தில் ஓடம் ஓட்டுபவர் மூக்கை நேர் எதிர்த் துறைக்கு வைப்பதே இல்லை; நீர் வரும் மேற்குப் பக்கமாக ஏற்றி வைப்பார், ஓடம் ஒதுங்கி ஒதுங்கிச் சரியான துறையில் போய்ச் சேரும். பேராசிரியர் சொல்லும் டயரும் அதையேதான் செய்கிறது. எனக்கு முழுச் சம்மதம்.

*

அன்புள்ள ஐயாவுக்கும் காரைக்கால் நண்பருக்கும்,

ஓடத்தை நான் யோசிக்கவே இல்லை. இனி வகுப்பில் ஒதுங்கு கோணத்தை ஓடத்தில்தான் தொடங்குவேன். படகு, வலை, மரம் என்று இத்தனை பொருள் தானாக ஒதுங்கும்போது டயரும் ஒதுங்கலாம். ஐயா சொன்ன இன்னொரு பொருளைப் பொறுத்தவரை, பேருந்தில் நடத்துநர் ‘ஒதுங்கி நில்லுங்க’ என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இடம் பார்த்துப் பொருள் தெரியும்.

இரண்டாம் கேள்வி நியாயமானது. ஆனால் தமிழில் இது புதிதில்லை. மூக்கு எல்லாருக்கும் இருக்கிறது; மூக்கு பெரிதாக உள்ளவரைத்தான் மூக்கன் என்கிறோம். முன்பக்கம் கூடுதலாக ஒதுங்கும்போதுதான் முன்னொதுங்கல். அகராதி விளக்கத்தில் ‘பின்பக்கத்தைவிடக் கூடுதலாக’ என்று கட்டாயம் சேர்த்துவிடுவோம்.

மூன்றாம் கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். ஏனென்றால் எங்கள் வண்டியில் கோளாறு பின்பக்கத்தில்தான் இருந்தது.

எடையும் செலவும் குறைய வேண்டும் என்று இரண்டு பக்கச் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலை வைக்காமல் பின் அச்சை ஒரே துண்டாகச் செய்திருந்தோம். பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுழலும். இரண்டுக்கும் இடைவெளி 1.15 மீட்டர். வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சரி, ஒரு சுற்றுக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 7.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். சேர்த்துக் கட்டிய சக்கரங்களால் அது முடியாது. இரண்டும் நேராகப் போகவே பார்க்கும். முன்பக்கத்தை வெளியே தள்ளும். மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அதன் அச்சு சுழலாது; சக்கரம் ஒவ்வொன்றும் அச்சின் மேல் தன்போக்கில் சுழலும், கடையாணி கழலாமல் பிடித்துக்கொள்ளும். வரப்போரத்துச் சந்தில் அது அவ்வளவு எளிதாகத் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டி செய்த ஆசாரிகள் தீர்த்துவைத்த ஒன்றை நாங்கள் காசு மிச்சம் என்று திரும்ப வாங்கிக்கொண்டோம்.

இது தெரியாமல் மூன்று மாலை முன்பக்கத்திலேயே மாற்றிக்கொண்டிருந்தோம். முன் டயரில் காற்றைக் குறைத்தோம், கூட்டினோம், சக்கரச் சாய்வை மாற்றினோம். கடைசியில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியை நினைத்துப் பார்த்தோம். அதிலும் பின் அச்சு ஒரே துண்டுதான், ஆனாலும் நன்றாகத் திரும்புகிறது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடுவதால். அதனால், வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார்களில் முன்பக்கத்ததைத் தளர்த்தி, பின்பக்கத்ததை இறுக்கினோம். வளைவில் வெளிப்பக்கம் சாயும் பாரத்தைப் பின் அச்சு கூடுதலாக வாங்கிக்கொண்டது. உள்பக்கப் பின்சக்கரம் லேசானது. முன்பக்க டயர் இரண்டும் பாரத்தைப் பகிர்ந்துகொண்டன. பாரத்தை இருமடங்காக்கினால் டயர் இருமடங்கு பிடி தராது. இருவர் தூக்கும் மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றினால் அவர் தள்ளாடுவதுபோல. ஆகவே பாரம் பகிர்ந்த முனைக்குப் பிடி கூடுதல். மூக்கு உள்ளே வந்தது. அந்த மாணவி கையை அதிகம் வளைக்காமலே கோன்களுக்கு நடுவில் சுற்றினாள்.

ஆக, ஐயா சொன்ன ஆபத்து உண்மைதான். நானே அதில் மூன்று மாலை இழந்தேன். இருந்தாலும் பெயரை மாற்ற மாட்டேன். காய்ச்சல் என்ற சொல் உடம்பு சுடுவதை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. மருத்துவர் அதைத் தேடிக்கொள்கிறார். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கியதும் சொல்ல வேண்டியது, எந்த முனை ஒதுங்கியது என்பதைத்தான். அதை அவர் சரியாகச் சொல்லிவிட்டால் காரணத்தைத் தேடுவது பட்டறையின் வேலை. ‘குறைதிருப்பம்’ அதைக்கூடச் சொல்லவிடாமல் பழியை அவர் கையில் போட்டது. என் மனக்குறை அதுதான்.

அகராதிக்கு இப்படி எழுதலாமா?

முன்னொதுங்கல்: வளைவில் செல்லும் வண்டியின் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதலாக ஒதுங்குவது, முன் ஒதுங்கு கோணம் பின் ஒதுங்கு கோணத்தை மிஞ்சிய நிலை. மூக்கு வளைவுக்கு வெளியே போகும். வினை: முன்னொதுங்கு. ‘மூன்றாம் வளைவில் வண்டி முன்னொதுங்குகிறது.’

பின்னொதுங்கலுக்கு இதையே திருப்பி எழுதிக்கொள்ளலாம். மூக்குக்குப் பதில் வால் வெளியே போகும்.

ஆன்டி ரோல் பாருக்குச் சொல் இல்லாமல் மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். வெல்டர் அண்ணன் அதைச் ‘சாய்வுக் கம்பி’ என்கிறார். அது சாய்வைத் தடுக்கும் கம்பி என்பதால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் குறுவை நெல் களத்துக்கு வந்துவிடும், அதன் பிறகு எங்களுக்கு இடம் இல்லை. ஓட்டுநர் நிரப்பும் தாளை அதற்குள் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து.