மைனஸ் 18 டிகிரியில் கிரீஸ் படிந்த கார் பாகங்களை வீட்டில் சுத்தம் செய்வது எப்படி? அவசரம்

புதுக்குடியேறி, ஸ்கார்பரோ:
அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கனடா வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வேலைக்குச் செல்வதற்காக வாங்கிய பழைய கொரோலாவின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றியபோது, உள்ளே எங்கு பார்த்தாலும் கருப்புக் கிரீஸ் அப்பிக்கிடந்தது. கழற்ற முடிந்த பாகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே மைனஸ் 18 டிகிரி. நேற்று இரண்டு பாகங்களைச் சமையலறைத் தொட்டியில் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தேன். கிரீஸ் போகவில்லை, தொட்டியில்தான் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. வீட்டு உரிமையாளர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். ஊரில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒரு தட்டில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுவார்கள். அதை இங்கே வீட்டுக்குள் செய்யலாமா? திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.

வின்னிபெக் அண்ணன்:
தம்பி, முதல் குளிர்காலம் எல்லோரையும் அழவைக்கும். நான் வந்த ஆண்டு என் வண்டி மூன்று வாரம் பனிக்குள் புதைந்து கிடந்தது; கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டதால் விரல் நுனியில் தோல் உரிந்தது. நீங்கள் முதலில் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள், காலையில் வண்டி கிளம்ப அதுதான் முக்கியம். கிரீஸுக்குப் பெட்ரோலே போதும். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துப் பல முறை செய்திருக்கிறேன். அந்தக் குளிரில் பெட்ரோல் எளிதில் பற்றாது.

எட்மண்டன் வேதியியல் மாணவி:
அண்ணா, மன்னியுங்கள், நீங்கள் கடைசியாகச் சொன்னதை யாரும் நம்பிவிடக் கூடாது. பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து போய், கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடரைத் தொட்டால் அறையே எரியும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று மிகவும் வறண்டுவிடுவதால், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போதுகூட நிலைமின் பொறி தெறிக்கிறது. கேட்டவர் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார், அடுப்பும் ஹீட்டரும் எங்கே இருக்கின்றன என்று சொல்லவில்லை. தெரியும்வரை பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

ரொறன்ரோ வாசி:
பெட்ரோல் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் அல்லது இங்கே வார்சால் என்று விற்கும் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) தாராளமாகப் பயன்படுத்தலாம். அவை ஏறத்தாழ 40 டிகிரி சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியை விடுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நாங்கள் ஆறு பேர் ஒரே வாகனத்தை மாறி மாறி ஓட்டி, இரவு வேலை முடிந்து வந்து நாங்களே திருத்தினோம். ஒருநாள் குளிர் தாங்காமல் கராச் கதவை மூடிவிட்டுப் புரோப்பேன் ஹீட்டரைப் பற்றவைத்ததில், கார்பன் மோனாக்சைடு நிறைந்து இருவர் மயங்கி விழுந்தனர். கதவைத் திறக்க ஒருவருக்கு நினைவு இருந்ததால் பிழைத்தோம். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. வெப்பம் வேண்டுமென்றால் பாகங்களைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோங்கள், மூடிய கராச்சுக்குள் எதையும் எரிக்காதீர்கள்.

பிராம்ப்டன் குடும்பத்தான்:
வார்சாலும் வீட்டுக்குள் வேண்டாம். அதில் ஊறவிட்ட துணி சிறு சுடரிலும் திரி போலப் பற்றும். அதன் நெடியில் என் குழந்தைகள் இரண்டு நாள் தலைவலியால் தவித்தனர். உண்மையில் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. கிரீஸைத் துடைத்து ஒரு ரப்பர் உறையை மாற்ற, நான் கேட்ட பட்டறையில் என் ஒரு வாரச் சம்பளத்தைச் சொன்னார்கள். காசு போட்டு வண்டி கழுவும் இடத்துக்குப் போனால், எஞ்சின் பாகங்களைக் கழுவக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வாடகை வீட்டின் முற்றத்தில் ஜாக்கி வைத்தாலே உரிமையாளர் வந்து நிற்கிறார். புதிதாக வந்தவன் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்க இந்த ஊரில் இடமே இல்லை.

வின்னிபெக் அண்ணன்:
தங்கை சொன்னது சரி, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இத்தனை ஆண்டுகள் எனக்கு ஒன்றும் ஆகாததை வைத்து ஆபத்தில்லை என்று எண்ணிவிட்டேன்.

புதுக்குடியேறி:
எல்லோருக்கும் நன்றி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நான் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் என் அறைக்கு அடுத்த கதவுக்குள் இருக்கின்றன. பெட்டியில் இருப்பவை பிரேக் பேடுகள், கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், அதன் பின்கள். பேடுகளை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் மட்டும் பிரேக் குழாயோடு வண்டியில் தொங்குகிறது. அச்சு நுனியில் இருக்கும் ரப்பர் உறை சுற்றிலும் கிழிந்திருக்கிறது.

பட்டறைக்காரர், மிசிசாகா:
தம்பி, இதை நீங்கள் சொன்னதும் கேள்வியே மாறிவிட்டது. சோப்பையும் தட்டையும் சற்று நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கிழிந்திருப்பது சிவி ஜாயின்ட்டின், அதாவது அச்சைச் சக்கரத்தோடு இணைக்கும் வளையும் மூட்டின், ரப்பர் உறை (பூட்). பழைய ரப்பர் குளிரில் இறுகி வெடிக்கும், சக்கரம் சுழலும்போது உள்ளிருக்கும் கிரீஸ் நாலாபுறமும் தெறிக்கும். அதை மாற்றாமல் மற்றவற்றை எவ்வளவு தேய்த்தாலும் ஒரே வாரத்தில் மறுபடி அப்பிவிடும். வண்டியைத் திருப்பும்போது டக் டக் என்று ஓசை கேட்டிருந்தால், உப்பும் மண்ணும் உள்ளே போய் ஜாயின்ட்டே தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அச்சையே மாற்றுவதுதான் நல்லது. முதல் முறை செய்பவர் பனியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அல்ல இது. திங்கட்கிழமை டிடிசி என்னும் நகரப் பேருந்தில் வேலைக்குச் செல்லுங்கள்.

பேடுகளில் கிரீஸ் பட்டிருந்தால் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். பேடு நுண்துளைகள் உள்ள பொருள். உறிஞ்சிய கிரீஸ் பிரேக் சூடேறும்போது மேலே வரும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்பக்க இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிய பேடுகளே போட வேண்டும். தொங்கும் கேலிப்பரை உடனே ஒரு கம்பியால் மேலே கட்டுங்கள், பிரேக் குழாய் அதன் எடையைத் தாங்கக் கூடாது.

இப்போது கழுவுவதற்கு வருகிறேன். வார்சால் குறித்து மேலே இருவரும் மாறுபட்டார்கள், ஆனால் எந்தப் பாகம் என்பதை இருவரும் கேட்கவில்லை. கேலிப்பருக்குள்ளும் பின்களின் மேலும் இருக்கும் ரப்பர், பிரேக் திரவத்தைத் தாங்குவதற்காகச் செய்த இ.பி.டி.எம் வகை. பெட்ரோல், மண்ணெண்ணெய், வார்சால் எது பட்டாலும் அது ஊதிப் பருத்துப் பாழாகும், பிறகு பின்கள் நகராமல் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். ஆகவே உங்கள் பெட்டியில் இருப்பவற்றுக்கு அவை எதுவுமே வேண்டாம்.

குளிரில் கிரீஸ் இறுகியிருப்பது உங்களுக்கு நன்மைதான். வெளியிலேயே ஒரு மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழித்தால் பெரும்பகுதி கட்டியாக வந்துவிடும். அதைச் செய்தித்தாளில் மடித்து வையுங்கள். சுரண்டும்போது பிரேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். கனடா ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள்களைத் தடைசெய்தது 2018 இறுதியில்தான், பழைய வண்டியில் எந்த உதிரிபாகம் மாட்டியிருக்கிறார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது.

பிறகு ரப்பரைக் கழற்றிய பிராக்கெட்டையும் பின்களையும் மட்டும் உள்ளே கொண்டுவந்து, ஒரு பழைய வாளியில் கை பொறுக்கும் சூட்டு நீரும், தண்ணீரில் கரையும் டிகிரீஸரும் (கிரீஸ் நீக்கும் திரவம்) ஊற்றி அரைமணி நேரம் ஊறவையுங்கள். சோப்பு நேற்று தோற்றதற்குக் காரணம், சுரண்டாமல் கழுவியதும் இரும்பு குளிர்ந்து தண்ணீரை ஆறவைத்ததும்தான். நைட்ரைல் கையுறை அணியுங்கள். சமையலறை ஓவனைச் சுத்தம் செய்யும் காஸ்டிக் கலவையைத் தொடாதீர்கள், அலுமினியப் பாகம் இருந்தால் அதை அரித்துவிடும். கழுவியதும் உடனே துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் உலர்த்துங்கள், இல்லையென்றால் அன்றிரவே துருப்பிடிக்கும். கடைசியில் பின்களில் பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

வண்டியில் இருக்கும் பிரேக் தட்டின் இரு பக்கங்களையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். குளிரிலும் அது வேலை செய்யும், காய மட்டும் சற்று நேரமாகும். அந்தக் குப்பியைத் திறந்த வெளியில் மட்டுமே அடியுங்கள், பேஸ்மென்டுக்குள் கொண்டுவராதீர்கள். நனைந்த துணிகளை வெளியே விரித்துக் காயவிடுங்கள், சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள்.

வாளியில் மிஞ்சும் கருப்புத் தண்ணீரைத் தொட்டியிலோ தெருச் சாக்கடையிலோ கொட்டக் கூடாது. தெரு வடிகாலில் போவது சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளுக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் போகிறது. மூடியுள்ள கலத்தில் ஊற்றி, பெயர் எழுதி, மாநகராட்சியின் அபாயக் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் கொடுங்கள். உரிமையாளரிடம் தொட்டிக்குள் கிரீஸ் போனதை மறைக்காமல் சொல்லுங்கள், குழாய் திறக்க வருபவருக்கு அது தெரிய வேண்டும்.

புதுக்குடியேறி:
கேலிப்பரைக் கட்டிவிட்டேன். திருப்பும்போது ஓசை இரண்டு வாரமாகவே கேட்டது, குளிரினால் என்று நினைத்திருந்தேன். அச்சு மாற்றும் வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, பேடும் பிராக்கெட்டும் நானே மாட்டலாமா, அல்லது அதையும் அவர்களிடமே விட வேண்டுமா?

பட்டறைக்காரர், மிசிசாகா:
அதையும் அவர்களிடமே விடுங்கள். அச்சு போடும் போது பிரேக் பாகங்களைப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். கழுவியவற்றையும் புதிய பேடுகளையும் நீங்களே வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள், பொருத்திய பிறகு பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து இறுகியதைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். வண்டி நகர முடியாத நிலையில் இருப்பதால் இழுத்துச் செல்லும் வாடகையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.