ஃபாஃப்சா: பையன் பேர்ல இருக்கற பணம்

அமெரிக்காவுல காலேஜ் உதவித்தொகைக்குப் போடற ஃபாஃப்சா, 2026-27 ஃபாரம் நிரப்பறேன். பையன் பேர்ல 8,000 டாலர், எங்க சேவிங்ஸ் 30,000, 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) தனி. மூத்தவளும் காலேஜ்ல இருக்கா. ரெண்டு பேர் படிக்கறதால, காலேஜ் செலவுக்கு நாங்க தர முடியும்னு அவங்க கணக்குப் போடற பங்கு பாதியாகுமா?

பதில்: ஆகாதுங்க. அந்தச் சலுகை 2024-25லேயே போச்சு. 401கே இருப்பைக் காட்ட வேண்டாம். உங்க சேவிங்ஸ்ல அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் அந்தப் பங்குல சேர்ப்பாங்க. பையன் பணத்துலதான் அடி: 20 சதவீதம், 1,600 டாலர்!

கேட்டவர்: ஐயோ, அது பாட்டி பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் கொடுத்தது.

பதில்: ஃபாரம் போடற அன்னிக்கு இருக்கற இருப்புதான் கணக்கு. லேப்டாப்பை முன்னாடியே அவன் பணத்துல வாங்கிடுங்க.

இன்னொரு பதில்: வருமானம் 2024 வரிக்கணக்குப்படி. அதுக்கப்புறம் வேலை போயிருந்தா காலேஜோட எய்ட் (உதவித்தொகை) ஆபீஸுக்கு ஆதாரத்தோட எழுதுங்க. எனக்கு அந்தப் பங்கைக் குறைச்சாங்க, மூணு தடவை மெயில் போட்டப்புறம். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு இன்னொரு உதவித்தொகை ஃபாரமும் கேக்கற காலேஜ்னா வீட்டு மதிப்பையும் நோண்டலாம்.