புதுப்பிப்பு: ஸ்கிட் ஸ்டீரில் மாட்டிய பேக்ஹோ இப்போது ஒழுங்காகத் தோண்டுகிறது

ஸ்கிட் ஸ்டீர் லோடரில் (சின்ன மண் அள்ளும் வண்டி) பேக்ஹோவை (பள்ளம் தோண்டும் கை) மாட்டியதும் அதன் பூம், அதாவது முதல் பெரிய கை, ஆமை வேகத்தில் அசைகிறது, ஆயிலும் சீக்கிரம் சூடாகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. ஹைட்ராலிக் ஆயிலைத் தள்ளும் பம்ப் நன்றாகவே இருக்கிறது.

கோளாறு ரிட்டர்ன் லைன் கப்ளரில், அதாவது ஆயில் லோடருக்குத் திரும்பும் ஹோஸை மாட்டும் இணைப்பில். வெயிலில் கிடந்த பேக்ஹோவின் ஹோஸுக்குள் ஆயில் விரிந்து பிரஷர் கட்டி நின்றிருக்கிறது. அதனால் கப்ளர் பாதி மட்டுமே உள்ளே போய், பார்வைக்கு மாட்டியது போலவே இருந்தது. உள்ளே வால்வு முழுதாகத் திறக்காததால் ஆயில் திரும்பிப் போகப் போதிய வழியில்லை. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை நிறுத்தி, பேக்ஹோ லீவர்களை இரண்டு பக்கமும் அசைத்தேன். லோடரின் ஆக்ஸிலரி பிரஷரையும் (மாட்டும் கருவிக்குப் போகும் லைனில் நிற்கும் அழுத்தம்) இறக்கினேன். கப்ளரின் முகப்பைத் துடைத்து அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது, அதைப் பூட்டும் வளையமான காலர் தானாக முன்னே வந்தது. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் நம்பாதீர்கள்.

பேக்ஹோவை லோடரில் மாட்டும் பிளேட்டில் பூட்டு லீவர் கீழே இறங்கினால் மட்டும் போதாது. அடியில் இரண்டு பின்களும் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று நழுவினாலும் அத்தனை எடையும் கழன்று விழலாம்.

சீட் சுவிட்சை ஷார்ட் செய்துவிட்டு வெளியே நின்று இயக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். ஆள் இல்லாதபோது ஹைட்ராலிக்கை நிறுத்தி உயிரைக் காப்பதே அந்த சுவிட்ச்தான். என் பேக்ஹோ கேபினில் உட்கார்ந்தே இயக்கும் வகை, அதனால் அந்தத் தேவையும் இல்லை.

பூமை இடமும் வலமும் திருப்பும் ஸ்விங் சிலிண்டரின் சீலில் லேசான கசிவு மட்டும் பாக்கி. புது சீல் கிட் வந்ததும் பிரிக்கிறேன்.