டாலர் விலை சூத்திரமாக மாறுகிறது, வழி சொல்லுங்க

ராணிப்பேட்டை தோல் விலைப்பட்டியல், மார்க்டவுனில் (எளிய குறிகளால் வடிவம் தரும் எழுத்துமுறை) எழுதி, மேத்ஜாக்ஸ் (வலைப்பக்கத்தில் கணிதச் சூத்திரம் காட்டும் நிரல்) உள்ள பக்கத்தில் ஏற்றுகிறோம். ஒற்றை $ கணிதக் குறியாக அமைக்கப்பட்டிருக்கிறது.

"ஆட்டுத்தோல் சதுர அடி $2, ஷூ அப்பர் ஜோடி $9" என்று போட்டால் முதல் $ சூத்திரத்தைத் திறக்க, இரண்டாவது மூடிவிடுகிறது. நடுவில் இடைவெளியே இல்லை; கால், கொம்பெல்லாம் தனியாகப் பிரிந்து நிற்கிறது. பத்தியில் ஒரே விலை என்றால் தொல்லையில்லை.

\$ பலிக்காது: மார்க்டவுன் பின்சாய்கோட்டைத் தின்றுவிட்டு வெறும் $ஐ அனுப்புகிறது. $ போட்டாலும் உலாவி அதை $ ஆக்கிவிடும். \\$ வேலை செய்கிறது, ஆனால் கிளார்க்குகளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

ஒற்றை $ஐ அணைத்தால் பழைய கூலிக் கணக்குச் சூத்திரங்கள் போய்விடும். மூடும் $க்குப் பின் இலக்கம் வந்தால் கணிதமில்லை என்பது பாண்டாக் (ஆவண வடிவம் மாற்றும் நிரல்) விதி. அதையே மேத்ஜாக்ஸில் கொண்டுவர யாரிடமாவது ஸ்கிரிப்ட் இருக்கிறதா? $2x$ மாதிரிச் சூத்திரம் கெடக் கூடாது.