மறு: பைத்தான் பயிற்சியில் ‘யூனிக்’: ‘தனித்துவமான’ வேண்டாம், ‘வெவ்வேறு’ போதும்

அனைவருக்கும் வணக்கம். பைத்தான் நிரல்மொழிக்கான தமிழ்ப் பயிற்சியில், ஆங்கில ‘யூனிக்’ (unique) என்ற சொல்லுக்குத் ‘தனித்துவமான’ என்று போட்டு இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது:

> பயனர் உள்ளிடும் பழப்பெயர்களில் தனித்துவமானவை எத்தனை எனக் கண்டறியும் நிரலை எழுதுக.

இந்தக் கேள்வி வடிவத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பாடகரின் குரலுக்குத் தனித்துவம் உண்டு என்போம். அது சிறப்பைக் குறிக்கும் சொல். பட்டியலில் உள்ள பெயருக்கு அது பொருந்தாது. ‘தனித்த’ என்று சுருக்கினால் சிக்கல் இன்னும் பெரிதாகிறது.

மாணவி தட்டச்சிடும் வரி இது: மா வாழை மா பலா. நாம் எதிர்பார்க்கும் விடை 3. ‘தனித்தவை எத்தனை’ என்று கேட்டால், துணையில்லாமல் ஒருமுறை மட்டும் வந்தவை என்று அவள் எடுத்துக்கொள்வாள். வாழையும் பலாவும்தான் அப்படி வந்தவை. ஆகவே 2 என்பாள். தமிழ்ப்படி அவள் சொல்வது சரி. கேள்வியில்தான் பிழை.

இந்த இருபொருள் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘யூனிக்’ (uniq) கட்டளை, அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கித் தரும். அதனுடன் ‘யு’ என்ற தெரிவைச் சேர்த்தாலோ, மறுபடி வராத வரிகளை மட்டும் தரும். தரவுத்தளத்தில் தேடப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில், ஒன்றாக்கித் தரும் முதல் வேலைக்கு ‘டிஸ்டிங்ட்’ என்ற வேறு சொல் உண்டு. தமிழில் புதிதாகச் சொல் அமைக்கும் நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: உள்ளீட்டை ஸ்பிலிட் (split) கொண்டு சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் செட் (set) ஆக்கி, எண்ணிக்கை தரும் லென் (len) போட்டால் கிடைப்பது ‘வெவ்வேறு உறுப்புகளின் எண்ணிக்கை’. ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று கவுன்ட்டர் (Counter) கொண்டு எண்ணி, எண்ணிக்கை 1 என்று உள்ளவற்றை மட்டும் எடுத்தால் அவை ‘ஒருமுறை வந்தவை’. இரண்டும் பேச்சில் உள்ள சொற்கள், விளக்கமே தேவைப்படாது. ‘எத்தனை வகை’ என்று கேட்பதுதான் கடைத்தெரு வழக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘வகை’யைத் தரவு வகைக்கு (டேட்டா டைப்) ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

செட்டுக்குத் தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல் ‘கணம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘தொடை’ என்கிறது. முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் தந்துவிடலாம்.

டூப்ளிகேட்டுக்கு ‘இரட்டை’ ஆகாது. மா மூன்று முறையும் வரலாம். ‘நகல்’ காப்பிக்கு வேண்டும். ‘மறுவரவு’ என்பது என் பரிந்துரை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று கூறியது கூறல். கணம் அதை ஏற்காது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

‘வெவ்வேறு’ என்பதை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘எதை வைத்து வேறு?’ என்ற கேள்வி எழும். தமிழ் உள்ளீட்டில் இது முதன்மையான கேள்வி. காற்புள்ளியில் பிரித்தால், முன்னால் இடைவெளி ஒட்டிய மாவும் ஒட்டாத மாவும் பைத்தானுக்கு வெவ்வேறு. ‘கொய்யா’வின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே ஒருங்குறிக் (யூனிகோட்) குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் கணத்தில் இரண்டு கொய்யா இருக்கும். இப்படி இரண்டாக உள்ளதை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்த பிறகே ஒன்றாகும்.

ஸ்பிலிட் போட மறந்து சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே செட்டில் இடுவது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் பிழை. அதையும் பயிற்சியாக்கலாம். ‘அம்மா’வில் நமக்கு மூன்று எழுத்துகள், ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணும் பைத்தானின் லென் 5 என்கிறது, செட் ஆக்கினால் 4. அ, ம, புள்ளி, கால். எழுத்தாகவே எண்ண விரும்புவோருக்கு பைத்தானுக்கான ஓப்பன் தமிழ் நிரல் நூலகத்தில் எழுத்துப் பிரிப்பு வசதி இருக்கிறது.

‘மறுவரவு’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. வரவு செலவு படித்த பிள்ளைகள் அதைப் பணவரவு என்று எடுத்துக்கொள்வார்களா? வணிகவியல் பிரிவில் கணினி கற்பிப்போர் சொல்லுங்கள். அப்படியானால் ‘மறுதோற்றம்’ என்று மாற்றிவிடலாம்.

அன்புடன்.